முடுக்கில் ஒரு புதுச் சுவர்

ஜனவரி 27, செவ்வாய்

எனக்கு மூத்தவள், ராத்தா, தூங்கிவிட்டாள். கொசுவலைக்குள் முழங்காலைக் கூடாரமாக்கி, அதற்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். இது போன வருடத்து அறிவியல் நோட்டு. பின்பக்கம் நிறையத் தாள் மிச்சம். யாராவது எடுத்தால் முதலில் உணவுப்பாதைப் படம்தான் வரும். அதற்குமேல் புரட்டமாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

காலை அசெம்பிளியில் தாளாளர் ஹாஜியாரே மைக்கைப் பிடித்தார். பாடவெளிக் கம்பெனி மீது பள்ளி வழக்குப் போட்டிருக்கிறதாம். "நம்ம புள்ளைங்க கட்டுன ஊரை, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம மத்த ஸ்கூலுக்கெல்லாம் விக்கப் பாக்குறான். அது நம்ம சொத்து. விடமாட்டோம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வகுப்புத் தலைவி என்பதால் நான் முன்வரிசையில் நின்று தட்டினேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் பாடவெளியைத் தவிர வேறு எதுவும் திறக்காது. உள்ளே போனால் வெறும் மணல்வெளி. ஒவ்வொருத்திக்கும் ஒரு மனை. கணக்கில் படித்ததை வைத்து வீடு கட்டவேண்டும், அறிவியலில் படித்ததை வைத்துச் சாக்கடை ஓட்டவேண்டும், சமூக அறிவியலுக்குப் பஞ்சாயத்து நடத்தவேண்டும். எங்கள் ஊருக்குப் புதுக்கரை என்று பெயர் வைத்தோம்.

அங்கே பெரிய தெருவில் மற்றப் பள்ளிப் பையன்களும் நடக்கலாம். அவர்கள் எங்கள் வாசலில் வந்து குதிப்பதும், கதவைத் தட்டுவதும், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவதுமாக இருந்தார்கள். அப்போதுதான் பல்கீஸ் ஒரு வேலை செய்தாள். எங்கள் நிஜ ஊரில் இருப்பதைப்போலவே வீடுகளின் பின்பக்கமாக ஒரு முடுக்கு போட்டாள். இரண்டு பேர் தோள் உரசிப் போகிற அகலத்தில் ஒரு சந்து. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே வீட்டுக்கு வீடு போய்வரலாம். அதற்காக எல்லாரும் தங்கள் மனையின் பின்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்தோம். புதுக்கரைக்கு முதல் பரிசு கிடைத்தது அந்த முடுக்குக்காகத்தான். கம்பெனி விளம்பரத்திலும் முதல் படம் அதுதான்.

பல்கீஸ் இப்போது எங்கள் பள்ளியில் இல்லை. அவள் உம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். ஜூனில் சென்னைக்குப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரே ரூமில் இருக்கிறார்கள். உம்மாவைத் தூக்கி உட்காரவைப்பதும், கஞ்சி கொடுப்பதும் பல்கீஸ்தான். ரொம்ப நாள் வரவில்லை என்று ஆகஸ்டில் பள்ளியில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பித்திருக்கிறாள்.

ஆனால் புதுக்கரையில் அவள் இருக்கிறாள். டேப்லெட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவள் அக்கவுண்டையும் யாரும் மூடவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் உம்மா கண்ணயர்கிற நேரத்தில், லாட்ஜ் வைஃபையில் உள்ளே வருவாள். நான் முடுக்கு வழியாக அவள் வீட்டுக்குப் போய், அன்று நடந்த பாடத்தை உள்சுவரில் எழுதிவைப்பேன். அவளிடம் வேறு போனும் கிடையாது. அவர்களிடம் இருக்கிற ஒரே போன், அவள் வாப்பா அங்கே வேலை பார்க்கிற கடைக்கு அவரோடு போய்விடும்.

வழக்கு என்று வந்தால் புதுக்கரையைப் பார்க்க யாராவது வருவார்கள். வந்தால் அவளைப் பார்ப்பார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

சுடலைமுத்து கொத்தனார் இன்று வேலையை ஆரம்பித்தார். வீட்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெருநாள் கழிந்து ராத்தாவுக்கு நிக்காஹ். ஹாலின் நடுவே சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி ராத்தாவுக்கு, மேற்குப் பாதி எனக்கு என்று வாப்பா ஹாங்காங்கிலிருந்து போனில் சொல்லிவிட்டார். ஒரு செங்கல்கூட நான் வைக்காத வீடு எனக்கு வரப்போகிறது.

உம்மா கொத்தனாரிடம், "அஸருக்குப் பொறவு அந்த மிஷின ஒரு மணி நேரம் நிப்பாட்டுங்க. புள்ளெ படிக்கும்" என்றாள். பாவம், நான் படிக்கிறேன் என்று நம்புகிறாள்.

இருபடிச் சமன்பாட்டை பல்கீஸ் வீட்டுச் சுவரில் எழுதினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நாலாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் செங்கல்லை வைத்தாள். அது எங்கள் பழக்கம். தப்பு என்று வாயால் சொல்வதில்லை. நான் அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் செங்கல்.

"குறி மாத்துனியா?" என்றாள்.

"எந்தக் குறி?"

"அந்தப் பக்கம் போறப்ப மைனஸ் பிளஸ் ஆவணும், மவளே. நீ என்னா, பாஸ்போர்ட் இல்லாம அனுப்பி வச்சிரிக்கே."

நான் இல்லாவிட்டால் அவளுக்குப் பாடம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்.

பிப்ரவரி 2, திங்கள்

தலைவலி. கணக்கு மாதிரித் தேர்வில் எழுபத்தியொன்று. போன வருடம் நாற்பத்திரண்டு. எப்படி ஏறியது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

கிரேசி டீச்சர்தான் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர். லேபில் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். முன்சீப் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறார்கள். வழக்கு முடிகிறவரை புதுக்கரை இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும். கம்பெனி விற்கக்கூடாது, பள்ளி மாற்றக்கூடாது. அதோடு, ஊரை நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு பேர் வயலுக்குச் சண்ட போட்டா, வரப்பு எங்க இருக்குன்னு போய்ப் பாக்க கோர்ட் ஒருத்தர அனுப்பும்லா, அதேதான்" என்றார் டீச்சர். "எந்த இடம் யாரு கட்டுனது, இப்ப யாரு சுவாதீனத்துல இருக்கு, எல்லாத்தையும் எழுதுவாங்க."

"சுவாதீனம்னா என்ன டீச்சர்?"

"யாரு அனுபவிச்சிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள யாரு இருக்கா, வெளக்கு போடுறது யாரு. அது."

டீச்சர் மேஜைத் திரையில் எங்கள் வீடுகள் எல்லாம் தெரியும். உள்ளே ஆள் இருந்தால் விளக்கு எரியும். எத்தனையோ நாள் அஸர் நேரத்தில் பல்கீஸ் வீட்டு விளக்கு எரிந்திருக்கிறது. டீச்சர் ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை. டீச்சர் கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன்.

கமிஷனரோடு நடந்து ஊரைக் காட்டவேண்டியது வகுப்புத் தலைவி. நான்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உம்மா மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டதோ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம், நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பல்கீஸ் உள்ளே இருப்பது தெரிந்தால், பெயர் எடுத்த பிள்ளை பள்ளி டேப்லெட்டை வைத்திருக்கிறாள் என்பார்கள். அவள் வாப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் ரொம்ப வெட்கப்படுவார். அன்றைக்கே கொரியரில் டேப்லெட்டை அனுப்பிவிடுவார். அக்கவுண்டை மூடுவார்கள். சுவரில் இருக்கிற எட்டு மாதப் பாடமும் போகும். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

புதுக்கரையில் இன்னொரு சங்கடம். எந்தக் கல்லைத் தொட்டாலும் அதை வைத்தவர் பெயரும் தேதியும் வரும்.

கமிஷனரைப் பெரிய தெரு வழியாகவே கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிவிட்டால் என்ன?

ராத்தா கடைக்குப் போனவள் வளையல், தைலம் எல்லாவற்றோடும் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிவந்திருக்கிறாள். கரண்ட் போனால் வேண்டுமாம். நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 11, புதன்

செய்துவிட்டேன்.

முடுக்கு திரும்புகிற இடத்துக்கு அப்பால் பல்கீஸ் வீடு ஒன்றுதான், அதற்குப் பெரிய தெருவில் வாசல் கிடையாது. அந்தத் திருப்பத்தில் குறுக்கே சுவர் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவரின் நிறத்திலேயே, அதே உயரத்துக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் முடுக்கு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஒரு கல், அதன்மேல் ஒரு கல். ஹாலில் கொத்தனாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

பல்கீஸிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள். கமிஷனர் போனதும் எடுத்துவிடுவேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மத்தியானம் கொத்தனார் பின்கட்டிலிருந்து உம்மாவிடம் கேட்டார். "தாயி, உள்ள எடமில்ல. இந்த முடுக்குல ஒரு ஓரமா செங்கல அடுக்கிக்கிடட்டுமா? ரெண்டே நாளு."

உம்மா அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டு வந்தாள். "வூட்ட ரெண்டாக்கத்தான் சொன்னேன் கொத்தனாரே, முடுக்க அடைக்கச் சொல்லலியே."

"அடைக்க இல்ல தாயி. ஓரமா."

"ஓரமும் கெடையாது. அது என் வூட்டுது இல்லை, யாரு வூட்டுதும் இல்லை. வூட்டுப் பத்திரத்துல நடைபாதைப் பாத்தியம்னு எல்லாருக்கும் பொதுவா எழுதியிரிக்கி. இன்னைக்கு நான் ஓரமா வச்சா, நாளைக்கு அவ நடுவுல வைப்பா. பொறவு பிரசவ வலிக்கும் மையத்து கெடக்குற வூட்டுக்கும் தெருவச் சுத்தித்தான் ஓடணும்."

கொத்தனார் சிரித்துக்கொண்டே, "சரி, என் தலமேல வச்சிக்கிடுதேன்" என்று செங்கல்லை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோனார்.

நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உம்மா என்னைப் பார்த்து, "காயப் போடுறதுன்னா போடு, புழியிறதுன்னா புழி" என்றாள்.

அஸருக்குப் பிறகு உள்ளே போனேன். என் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பல்கீஸ் எழுதியிருந்தாள். பாடவெளியில் பக்கத்து வீட்டுக்கு எழுதினால் எழுத்து சுவரைத் தாண்டி வரும்.

"சுமையா, என்னை ஏன் அடைச்சே?"

நான் வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பதில் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கமிஷனர் என்றதும் போலீஸ் தொப்பி போட்டவர் வருவார் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். வந்தவர் பேச்சியம்மாள் என்ற வக்கீல் மேடம். வந்து சேரவே அஸர் நேரம் ஆகிவிட்டது. நல்ல ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் மடித்த தாள்கட்டு. லேபில் ஹாஜியார், பள்ளி வக்கீல், கம்பெனிக்காரர் ஒருவர், கிரேசி டீச்சர், நான். பெரிய திரையைப் போட்டார்கள்.

விருந்தினராக உள்ளே வருகிறவர்களுக்குப் பாடவெளியில் ஆரஞ்சுக் கரடி உருவம்தான் கிடைக்கும். மேடம் திரையில் தன்னைப் பார்த்தார்.

"இத மாத்த முடியாதா?"

"விருந்தாளிக்குக் கரடி மட்டும்தான் மேடம்" என்றார் கம்பெனிக்காரர்.

"சரி. ரிப்போர்ட்ல கரடின்னு எழுதல, நீங்களும் வெளிய சொல்லாதீங்க."

நடக்கத் தெரியாமல் முதலில் குளத்துக்குள் போனார். நான் கையைப் பிடித்து இழுப்பதுபோல் முன்னால் நடந்து காட்டினேன். பெரிய தெருவில் வீடு வீடாக நின்று, வாசல் எந்தத் திசை, யார் பெயர், எல்லாம் எழுதினார். நான் வேகமாகப் பேசினேன். தெருக்கோடி வந்ததும், "அவ்வளவுதான் மேடம்" என்றேன்.

"முடுக்கு எங்கம்மா? வழக்கே அதுக்குத்தான."

கூட்டிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது. மேடம் முதல் கல்லைத் தொட்டார். 'அமைத்தவர்: பல்கீஸ் பீவி, ஒன்பது பி.' அடுத்த கல்லிலும் அதுதான். பத்தடி தள்ளிக் குனிந்து இன்னொன்றைத் தொட்டார். அதிலும் பல்கீஸ்.

"யாரு இந்தப் பல்கீஸ் பீவி?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியார்தான் சொன்னார். "முன்னாடி படிச்ச புள்ளை. இப்ப நம்ம ஸ்கூல் இல்லை. பேரு எடுத்தாச்சு."

கம்பெனிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எழுதிக்குங்க மேடம். முடுக்கு போட்டது இவங்க ஸ்டூடண்ட் இல்லைன்னு இவங்களே சொல்றாங்க. அப்ப எந்த உரிமையில கேஸ் போட்டாங்க?"

பள்ளி வக்கீல் ஹாஜியாரின் சட்டைக் கையை மெதுவாகத் தொட்டார். ஹாஜியாருக்கு அப்போது புரியவில்லை.

மேடம் கரடி முடுக்கில் நடந்து திருப்பத்துக்கு வந்தது. நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்து நின்றது.

"இந்த முடுக்குக்கு ரெண்டு பக்கமும் சாக்கடை ஓடுது. இங்க வந்து சுவத்துக்கு அடியில போகுது. முடியிற எடத்துல சாக்கடை எதுக்குப் போகுது?"

கரடி சுவரைத் தொட்டது.

'அமைத்தவர்: சுமையா, பத்து பி. பிப்ரவரி 11.'

"உத்தரவு நாலாம் தேதி" என்றார் மேடம். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீதானே சுமையா?"

"ஆமா மேடம்."

"எதுக்குக் கட்டுன?"

கம்பெனிக்காரர், "உத்தரவுக்கு அப்புறம் மாத்தியிருக்காங்க மேடம், இத முதல்ல எழுதுங்க" என்றார். ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன், அலங்காரத்துக்கு என்று. அது வாய்க்கு வரவில்லை.

அப்போது திரையில், சுவரின் நடுவே ஒரு கல் காணாமல் போனது. பிறகு பக்கத்துக் கல். தன் மனையை ஒட்டிய கல்லை அவரவர் எடுக்கலாம் என்பது பாடவெளி விதி. அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. பல்கீஸ் முழுச்சுவரையும் எடுத்துவிட்டு, முடுக்கில் வந்து கரடிக்கு எதிரே நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. பின்னால் யாரோ இருமுவது கேட்டது, அவள் உம்மா. "சுவர எடுத்துட்டேன். முடுக்க யாரும் அடைக்கக்கூடாது. யாரு கட்டிருந்தாலும்."

என்னைத்தான் சொன்னாள்.

"நீ யாரும்மா?" என்றார் மேடம்.

"பல்கீஸ் பீவி. இது என் வூடு. நீங்க நிக்கிறது நான் போட்ட முடுக்கு."

"எந்த ஸ்கூல்ல படிக்கிற?"

பதில் வரவில்லை. வைஃபை போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மேடம் அவசரப்படவில்லை. "உள்ள வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாலு சுவரும் என் கையெழுத்து. முக்கோணவியல், மின்னோட்டம், கிராமர், திருக்குறள் உரை. இடையிடையே சிவப்புச் செங்கற்கள். மேடம் ஒன்றைப் படித்தார்.

"இந்தக் கணக்கு யாரு போட்டது?"

"நான் மேடம்."

"செங்கல்?"

"அவ. தப்பான எடத்துல வைப்பா."

"அப்ப அவதான் ஒனக்குச் சொல்லித் தாரா."

"இல்ல மேடம், நான்தான் அவளுக்கு..." என்று ஆரம்பித்தேன். சுவரில் எத்தனை செங்கல் இருக்கிறது என்று அப்போதுதான் முதல்தடவையாகத் தள்ளி நின்று பார்த்தேன்.

கம்பெனிக்காரர், "ஸ்கூல்ல இல்லாத பொண்ணு, அக்கவுண்ட் செல்லாது. நான் இப்பவே மூடிடறேன் மேடம்" என்று மடிக்கணினியைத் திறந்தார்.

"எப்படி மூடுவீங்க? இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்னு உத்தரவு. வீடும் அதுல சேத்தி, வீட்டுல இருக்கவளும் சேத்தி. வழக்கு முடியிற வரைக்கும் அந்த வெளக்க நீங்களும் அணைக்கக்கூடாது, அவங்களும் அணைக்கக்கூடாது." மேடம் எழுதிக்கொண்டே சொன்னார். "நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான். முடுக்க அமைச்ச புள்ள ஸ்கூல் புள்ளையா, இல்லையா? முதல்ல ஒண்ணு சொன்னீங்க. அதையே எழுதவா?"

இந்தத் தடவை பள்ளி வக்கீல் சட்டையைத் தொடவில்லை, ஹாஜியாரின் காதிலேயே பேசினார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். திரையில் பல்கீஸ் அசையாமல் நின்றாள்.

"நம்ம புள்ளைதான்" என்றார்.

"பேர் எடுத்தாச்சுன்னீங்க."

"அது ஆபீஸ்ல ஏதோ... அவ உம்மாவுக்கு ஆஸ்பத்திரி. லீவுல இரிக்கா. லீவுதான்."

"லீவுன்னு எழுதுதேன். கீழ கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுறேன்."

போட்டார். கிரேசி டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வருகைப் பதிவேடு ஆபீஸ்ல இருக்கு சார், இப்பவே எடுத்துட்டு வரவா?" என்றார். அவ்வளவு வேகமாக டீச்சர் நடந்து நான் பார்த்ததில்லை.

மேடம் போகும்போது என் பக்கம் நின்றார். "சுவர் கட்டுனது நீன்னு எழுதியிருக்கேன். எடுத்தது அவதான்னும் எழுதியிருக்கேன். ரெண்டும் ஒரு வாரத்துக்குள்ள நடந்ததால பழைய நெல வந்துட்டுன்னு முடிச்சிருக்கேன். பயப்படாத. நான் போற எடத்துலெல்லாம் முதல்ல புதுச் சுவர்தான் கண்ணுல படும்." பிறகு தும்மினார்.

பல்கீஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் இதை எழுதுகிறேன்.

மூன்று நாளாக அவள் வீட்டுச் சுவரில் பாடம் எழுதுகிறேன். வருகிறாள், படிக்கிறாள், போகிறாள். செங்கல் வைப்பதில்லை. நேற்று வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். அதற்கும் வைக்கவில்லை.

எழுதிப் பார்த்தேன்: "அவங்க உன்னைப் பாத்துரக்கூடாதுன்னுதான் கட்டினேன்." அழித்தேன். அவள் எப்போதும் யார் கண்ணிலும் படாமல்தான் இருக்கிறாள். நானும் சேர்ந்து மறைத்திருக்கிறேன்.

"தப்புதான்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

ஹாலில் சுவர் முடிந்துவிட்டது. வெள்ளையடித்தாயிற்று. என் பாதியில் குரல் எதிரொலிக்கிறது. இரண்டு பாதிக்கும் பின்னால் முடுக்குக்குப் போக ஒவ்வொரு கதவு. மிச்சச் செங்கல் பத்துப் பன்னிரண்டைக் கொத்தனார் என் பின்வாசலுக்கு உள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வழக்கை ஜூனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். கமிஷனர் ரிப்போர்ட்டுக்குக் கம்பெனி ஆட்சேபணை போடப்போகிறதாம். சட்டப்படி பதினெட்டு வயது ஆகாத பிள்ளை டேப்லெட்டில் 'சம்மதம்' என்று அமுக்கியது செல்லுமா, வகுப்பில் செய்தது வகுப்புக்குச் சொந்தமா செய்தவளுக்குச் சொந்தமா என்று நிறையப் பேசவேண்டியிருக்கிறதாம். பள்ளி வக்கீல், "நாலஞ்சு வருஷம் ஓடும்" என்று வருத்தமாகச் சொன்னார். ஹாஜியாரும் வருத்தப்பட்டார்.

நோன்பு திறக்கிற நேரத்துத் துஆ கபூலாகும், கேட்டது கிடைக்கும் என்பார்கள். இன்று மகரிப் பாங்குக்கு முன்னால் கையேந்தி, இந்த வழக்கை யாரும் அவசரப்படுத்தாமல் இருக்கவேண்டும் என்று கேட்டேன். விளக்கு எரிகிறவரைக்கும் பல்கீஸ் அங்கே படிக்கலாம். பெயரும் பள்ளியில் திரும்ப ஏறிவிட்டது, பதினொன்றாம் வகுப்புக்கு இங்கேயே சேரலாம். அவள் உம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாராம். இதெல்லாம் டீச்சர் சொல்லித்தான் தெரியும். எப்படித்தான் டீச்சருக்குத் தெரிகிறதோ.

மார்ச் 9, திங்கள்

பல்கீஸ் குடும்பம் பரீட்சைக்காக ஊருக்கு வந்துவிட்டதாம். உம்மா சொன்னாள். அவள் இங்கே வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நாளை கணக்கு.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மகரிப் தொழுதுவிட்டுப் பின்வாசல் படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. இந்த ஒரு வாரமாக உம்மா அதைச் சாத்தவிடுவதில்லை. காற்று வருமாம்.

முடுக்கில் செருப்புச் சத்தம் கேட்டது. பல்கீஸ் தூக்குச்சட்டியோடு வந்தாள். "உம்மா கஞ்சி கொடுத்து விட்டாங்க" என்றாள். என்னைவிட வளர்ந்திருக்கிறாள். புதுக்கரையில் இரண்டு பேரும் ஒரே உயரம். கையில் நரம்பு தெரிகிறது, ஆளைத் தூக்கித் தூக்கி.

உள்ளேயிருந்து என் உம்மா, "வந்துட்டியாம்மா? எட்டு மாசமா இவளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒனக்குத் தொண்ட காஞ்சிரிக்கும். ஒக்காரு" என்றாள்.

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். தெருப்பக்கம் சின்னப் பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். முடுக்கில் யாரோ ஒரு மாமி சஹன் தட்டை மூடி எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

அவள் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவுக்கு உள்ளே கொத்தனார் விட்டுப்போன செங்கல்லில் ஒன்றை எடுத்துவந்தாள். ஊதித் தூசியைத் தட்டினாள். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில், தாள் கசங்காமல் வைத்தாள்.

நான் அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.